தளையும் தளிரும்: உடற்குறையும் தோட்ட ஓவியமும்

கலைப்படைப்பொன்றை மதிப்பிடப் புகுவோர் அதனைப் படைத்தவரின் உடல்நிலையைக் கருத்திற் கொள்ளுதல் தகுமா? கண்ணொளி குன்றியவர் தீட்டிய ஓவியம், விரல் முடங்கியவர் வரைந்த மலர், எழுந்து நடக்கவியலாதவர் அமைத்த சுவர்ச்சித்திரம் ஆகியவற்றின்முன் நிற்கும்போது எம்முள்ளத்தில் முதலில் எழுவது இரக்கம். அதனையடுத்து வருவது வியப்பு. இந்நிலையிலும் இவர் இவ்வளவு செய்தனரே என்று கூறிவிட்டு அப்பாற் செல்கின்றோம். அவ்வாறு கூறியபொழுது நாம் ஓவியத்தைப் பார்த்தோமா, ஓவியரின் நோயைப் பார்த்தோமா என்பது ஆராயத்தக்கது. இரக்கம் மாந்தர்க்கு அணிகலனே; எனினும் அதனைத் திறனாய்வு என்று கொள்ளுதல் இயலாது.

இவ்வினாவை ஓர் எல்லைக்குள் நிறுத்தி ஆராய்தல் நலம். ஆகவே, உடற்குறையோ புலக்குறையோ உடையவர்கள் தோட்டத்தைப் பொருளாகக் கொண்டு படைத்த ஓவியங்களை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வாம். தோட்டம் ஏன் எனின், அதற்குக் காரணம் உண்டு. யாழ்ப்பாணத்தார்க்குத் தோட்டம் என்றதும் நினைவுக்கு வருவது புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளையும் செம்மண் நிலம். பூக்கள் மலிந்த இடத்தைப் பூந்தோட்டம் என்றும் நந்தவனம் என்றும் வேறு பிரித்து வழங்குவர். எதுவாயினும் தோட்டம் என்பது வேலியிட்ட இயற்கையாகும். காடு தானே வளர்வது. தோட்டம் ஒருவர் கைபட்டு வளர்வது. எல்லை இருத்தல் தோட்டத்திற்குக் குறையன்று. எல்லை இல்லையேல் அது தோட்டமே அன்று. நடமாட்டமோ பார்வையோ குறுகியவர்க்கு உலகின் பரப்புச் சுருங்குகின்றது. சுருங்கிய பரப்பினுள் நிறைவு காணுதல் எங்ஙனம் என்னும் வினா அவர்களுக்கு அன்றாட வாழ்வின் வினாவாகின்றது. அவ்வினாவைக் கலையாக்குவதற்குத் தோட்டத்தினும் ஏற்ற பொருள் அரிது.

தமிழ்ப் புலமை மரபு இவ்விடயத்தில் எமக்கு ஒரு வழியைக் காட்டியுள்ளது. இரட்டைப் புலவருள் ஒருவர் கண்ணிழந்தவர், மற்றவர் நடக்கவியலாதவர். கண்ணிலார் தோளிற் காலிலார் அமர்ந்து வழிகாட்ட இருவரும் ஊர்தோறும் சென்றனர் என்பது வழக்கு. தில்லைக் கலம்பகத்தையும் ஏகாம்பரநாதர் உலாவையும் பாடிய அவர்களைக் கலம்பகம் பாடுவதில் தலைசிறந்தோர் எனப் பிற்காலத்தார் போற்றினர். குருடரும் முடவரும் பாடியது என்பதற்காக எவரும் அக்கலம்பகத்திற்குச் சலுகை வழங்கினாரல்லர். அந்தகக்கவி வீரராகவ முதலியாரும் அத்தகையவரே. அவர் ஈழத்துக்கு வந்து யாழ்ப்பாணத்துப் பரராசசேகரன் அவையிற் பாடிப் பரிசில் பெற்றார் எனச் செவிவழிச் செய்தி கூறும். அவர் பெயரிற் குறை நின்றது. அவர் பாட்டை மதிப்பிட்டோரின் தராசில் அது நிற்கவில்லை.

எனினும் ஒருசார் திறனாய்வாளர் வேறோர் எல்லைக்குச் சென்று, படைத்தவரின் உடல்நிலையை முற்றாக மறந்துவிடல் வேண்டும் என்பர். அதுவும் பொருந்தாது. யாப்பிலக்கணம் பயின்றோர் தளை என்னும் சொல்லை நன்கறிவர். தளை என்பது விலங்கு, கட்டு. அச்சொல்லையே நம்முன்னோர் சீரும் சீரும் தம்முட் பொருந்தும் முறைக்குப் பெயராக்கினர். வெண்டளை பிழைத்தால் வெண்பா இல்லை. கட்டே ஓசையைத் தருகின்றது. உடற்குறையும் சிலபொழுது கலையின் வடிவத்தினுள் இவ்வாறு தளையாக நுழைந்துவிடுகின்றது. நுழைந்த இடத்தை அறியாதார் வடிவத்தை அறியார். ஆயின் இவ்வுவமைக்கும் ஓர் எல்லை உண்டு. புலவன் தளையைத் தானே தேர்ந்துகொள்கின்றான். நோயை எவரும் தேர்ந்துகொள்வதில்லை. ஆதலால் நோய் கலையைத் தந்தது என்று கூறுதல் தவறு. நோய் வந்த பின்னர்க் கலைஞர் எதனைத் தேர்ந்தார் என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

இவ்வளவுகோலுடன் முதலில் பிரான்சு தேசத்து ஓவியர் குளோட் மொனேயை நோக்குவாம். 1840 இற் பிறந்த இவர் 1883 இல் ஷிவேர்ணி என்னும் சிற்றூரிற் குடியேறினார். 1893 இல் அண்டை நிலத்தை வாங்கி, ஆற்றுக் கிளையொன்றின் நீரைத் திருப்பி, அல்லிக்குளம் அமைத்தார். அயல்நாட்டுச் செடிகள் நீரைக் கெடுத்துவிடும் என்று ஊரார் அஞ்சி எதிர்த்தனர். குளத்தின் குறுக்கே யப்பானிய முறையில் வளைந்த மரப்பாலம் ஒன்றும் எழுந்தது. 1899 ஆம் ஆண்டளவில் அவர் தீட்டிய பாலத்தின் ஓவியங்களிற் பசுமையே ஆட்சி செய்கின்றது. பாலத்தின் வளைவு தெளிவானது, நீரில் மிதக்கும் அல்லிகள் நிரைநிரையாகப் பின்னோக்கிச் செல்கின்றன, அமைதி நிலவுகின்றது.

1912 இல் அவருடைய இரு கண்களிலும் புரை படர்ந்துள்ளது என மருத்துவர் கண்டனர். வண்ணங்கள் மங்கின. குழாய்களில் ஒட்டிய பெயர்ச்சீட்டைப் படித்தும், வண்ணத்தட்டில் ஒவ்வொரு வண்ணத்தையும் வழமையான இடத்தில் வைத்தும் அவர் தீட்டலானார். 1918 தொடக்கம் 1924 வரையில் அதே பாலத்தை மீண்டும் மீண்டும் வரைந்தார். அவ்வோவியங்களைக் காண்போர் திடுக்கிடுவர். பசுமை மறைந்து செந்தணலும் துருவும் மஞ்சளும் மண்டிக் கிடக்கின்றன. வண்ணம் தடித்துத் திரண்டுள்ளது. பாலம் எங்கே, கொடி எங்கே, நீர் எங்கே என்று தேடவேண்டியுள்ளது. கண்புரை கண்ணின் வில்லையை மஞ்சளாக்கி நீல ஒளியைத் தடுப்பது; ஆகவே இவ்வோவியங்கள் நோயின் பதிவுகளே என்று சிலர் முடிவு கட்டினர்.

இம்முடிவை ஏற்பதில் இரு தடைகள் உள. மொனே தோட்டத்தைப் பார்த்ததும் அக்கண்ணாலேயே, துணியிற் படிந்த வண்ணத்தைப் பார்த்ததும் அக்கண்ணாலேயே. மஞ்சட் கண்ணாடி வழியே பொருளையும் படத்தையும் ஒருங்கு நோக்கி ஒன்றோடொன்றை ஒப்பிட்டுத் தீட்டுபவரின் பிழை ஓரளவுக்குத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். நீலத்துக்கும் பச்சைக்கும் இடையிலுள்ள நுண்ணிய வேறுபாடுகளை அவர் இழந்திருக்கலாம்; ஆயின் தோட்டம் முழுவதையும் தீப்பற்றச் செய்தது கண்புரை மட்டும் எனல் ஒவ்வாது. இஃது ஒன்று. மற்றையது இன்னும் வலியது. 1914 தொடக்கம் 1926 இல் இறக்கும்வரை அவர் உழைத்த பேரோவியங்கள் பாரிஸ் நகரத்து ஒறாஞ்சறி மாளிகையில் உள்ளன. நீள்வட்டமான இரு கூடங்களில் எட்டு ஓவியங்கள், ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரத்தில், கூடத்தைச் சூழ்ந்து செல்கின்றன. அவற்றில் நீலமும் ஊதாவும் பசுமையும் ததும்புகின்றன. அக்காலத்தின் பெரும்பகுதியில் அவர் கண்ணிற் புரை இருந்தது. ஒரே நோய், ஒரே கை, ஒரே குளம். எனினும் இருவேறு உலகங்கள். எனவே நோயை மட்டும் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்குதல் முடியாது.

1923 இல் வலக்கண்ணிற் சத்திரசிகிச்சை நடந்தது. பின்னர் வண்ணக் கண்ணாடிகளின் துணையுடன் அவர் தம் ஓவியங்களை மறுபடி பார்த்தார். சிலவற்றைத் திருத்தினார், சிலவற்றை அழித்தார், சிலவற்றை விட்டுவைத்தார். தெளிந்த கண் தேர்ந்து விட்டுவைத்த படத்தை நோயின் எச்சம் என்று கூற எமக்கு உரிமை இல்லை. எமது கருத்திற் பாலத்தின் பிற்கால ஓவியங்கள் யாவும் ஒரே தரத்தன அல்ல. சிலவற்றில் வண்ணம் வண்ணத்தோடு மோதிக் குழம்பிக் கிடக்கின்றது. அவற்றைப் பெருமுயற்சி என்று பாராட்டலாமேயன்றி வெற்றி என்று கூறலாகாது. சிலவற்றிலோ பாலத்தின் வளைவு செந்நிறக் கலக்கத்தினூடே மெல்லிய விலா எலும்புபோல எழுந்து படத்தைத் தாங்கி நிற்கின்றது. அவ்விடத்தில் தோட்டம் காட்சியாக இருந்த நிலை மாறி நினைவாகிவிடுகின்றது. ஒறாஞ்சறி ஓவியங்களில் அடிவானமும் மறுகரையும் இல்லாமை குறிப்பிடத்தக்கது. தொலைவை இழந்த கண், தொலைவை வேண்டாத ஓவியத்தைக் கண்டது.

ஹென்றி மத்தீஸ் என்பாரின் நிலை வேறு. 1869 இற் பிறந்த இவருக்குக் கண் குன்றவில்லை, கால் குன்றிற்று. 1941 இல் லியோன் நகரில் நடந்த குடற் சத்திரசிகிச்சையின் பின்னர் அவர் உயிர் தப்பினார். ஆயினும் எஞ்சிய பதின்மூன்று ஆண்டுகளின் பெரும்பகுதியைப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் கழித்தார். நெடுநேரம் நின்று தீட்டுதல் இயலாதாயிற்று. துணைவர்கள் தாள்களுக்கு நீர்வண்ணம் பூசிக்கொடுக்க, அவர் கத்தரிக்கோலால் இலையும் மலரும் கனியும் பாசியுமாக வெட்டுவார். துணைவர்கள் அவற்றை அவர் காட்டும் இடத்திற் சுவரில் ஊசியாற் குத்துவர். மறுநாள் இடம் மாற்றுவர். நடக்கவியலாத தாம் உலாவுவதற்கு ஒரு தோட்டத்தைத் தம்மைச் சுற்றி அமைத்துக்கொண்டதாக அவர் கூறினார்.

இக்கூற்றைக் கேட்டவுடன் உள்ளம் உருகுகின்றது. உருகிய உள்ளம் படத்தைப் பார்க்க மறந்துவிடுதல் கூடாது. 1952 இல் ஆக்கப்பெற்றுத் தற்போது ஆம்ஸ்ரடாம் நகரின் ஸ்ரெடலிக் அருங்காட்சியகத்திலுள்ள ‘கிளியும் கடற்கன்னியும்’ என்னும் படைப்பை எடுத்துக்கொள்வாம். ஏழரை மீற்றருக்கு மேற்பட்ட நீளமுடைய வெண்பரப்பில் பல வண்ண இலைவடிவங்களும் மாதுளங்கனிகளும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு புறம் நீலக்கிளி; மறுபுறம் மேலே நீலக்கன்னி. இரண்டும் இலைகளோடு இலைகளாக ஒளிந்துள்ளன, தேடிக் காணவேண்டும். தேடும் கண் இலையிலிருந்து இலைக்கு வெண்மையினூடே தாவுகின்றது. தோட்டத்தில் நடக்கும்போது கால் செய்யும் தொழிலை இங்கே கண் செய்கின்றது. நடை இழந்தவர் நடையைப் பார்ப்பவரின் கண்ணுக்கு வழங்கிவிட்டார். படம் வெற்றிபெறுவது இதனாலேயே; அவர் படுக்கையிற் கிடந்தார் என்பதனாலன்று. அச்செய்தியை அறியாதவரும் அவ்வுலாவை உணர்வர்.

வேறொன்றும் நோக்கற்பாலது. இலைவடிவை வண்ணத்தாளிலிருந்து நேரே வெட்டும்பொழுது கோடும் வண்ணமும் ஒரே செயலிற் பிறக்கின்றன. கோட்டை முன்னர் வரைந்து வண்ணத்தைப் பின்னர் நிரப்புவதால் எழும் முரண்பாடு மத்தீசை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. கத்தரிக்கோல் அம்முரணைத் தீர்த்தது. ஆயின் கத்தரிக்கோலைக் கொணர்ந்தது நோயன்று. 1930 களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பார்ண்ஸ் மாளிகைக்கு நடனச் சுவரோவியம் அமைத்தபோதே அவர் வண்ணத்தாளை வெட்டி வைத்துப் பார்த்துத் திட்டமிட்டார். அன்று கருவியாக இருந்தது பின்னர்க் கலையாயிற்று. இலைகளும் பாசிகளும் 1930 இல் அவர் சென்றுவந்த தாகித்தித் தீவின் நினைவுகள். வித்து முன்னரே விழுந்திருந்தது. தளை அதனை ஓரிடத்தில் ஊன்றி வளரச் செய்தது.

குறையும் கூறவேண்டும். அக்காலத்து வெட்டுத்தாட் படைப்புக்கள் அனைத்தும் இவ்வுயரத்தை எட்டவில்லை. சில, நல்ல திரைச்சீலைக்குரிய அழகோடு நின்றுவிடுகின்றன. அவற்றில் இலை மீண்டும் மீண்டும் வருகின்றது. ஆயின் இலைக்கும் இலைக்கும் இடையிலுள்ள வெளி ஒன்றும் பேசவில்லை. 1951 இல் நிறைவுற்ற வான்ஸ் நகரத் திருக்கோயிலின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை இவற்றோடு ஒப்பிட்டால் உண்மை புலப்படும். ஆங்கு அதே இலைவடிவம் மஞ்சள், பச்சை, நீலம் என்னும் மூன்றே வண்ணங்களுள் அடங்கி நிற்கின்றது. வெயில் அதனூடே புகுந்து வெண்டரையிற் படிகின்றது. கட்டுப்பாடு கூடியபோது கலை உயர்ந்தது.

மொனேயும் மத்தீசும் நோய்க்கு முன்னரே புகழ் பெற்றோர். தோட்டக்காரரும் துணைவரும் அவர்களுக்கு இருந்தனர். வறுமையும் உடற்குறையும் ஒருங்கே வாய்த்தவரை நோக்கினாலன்றி எமது ஆராய்ச்சி நிறைவுறாது. கனடாவின் நோவாஸ்கோசியா மாகாணத்தைச் சேர்ந்த மோட் லூயிஸ் என்னும் பெண்மணி இளமையிலேயே மூட்டுவாதத்தால் வருந்தியவர். தோளும் கழுத்தும் கைவிரல்களும் வளைந்து இறுகின. மின்சாரமில்லாத ஓரறை வீட்டில் மீன்வியாபாரியான கணவருடன் வாழ்ந்து 1970 இல் மறைந்தார். மலிவான பலகையில் அவர் வரைந்த சிறு ஓவியங்களை வழிப்போக்கர் சில டொலர் கொடுத்து வாங்கிச் சென்றனர். மீன் அடைத்த தகரப்பேணிகளே அவருடைய வண்ணக் கிண்ணங்கள்.

அவர் ஓவியங்களிற் பனிக்காலத்திலும் மரங்கள் பல நிறத்து இலைகளோடு நிற்கும். நிழல் என்பது இல்லை. காளைகளும் பூனைகளும் ரியூலிப் மலர்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. விற்பனைக்காக ஒரே படத்தைப் பலமுறை வரைந்தமையால் அவற்றுட் பல வெறும் படிகளாகிவிட்டன. தனித்தனிப் பலகைகளை மட்டும் கொண்டு மதிப்பிடின் அவரை இனிய எளிய கைவினைஞர் என்றே கூறவேண்டியிருக்கும். அவருடைய உண்மையான படைப்பு அவர் வீடேயாகும். கதவு, சாளரக் கண்ணாடி, படிக்கட்டு, அடுப்பு, தட்டு ஆகிய அனைத்திலும் அவர் பூக்களையும் கொடிகளையும் வண்ணத்துப்பூச்சிகளையும் தீட்டினார். மாகாண அரசு 1984 இல் அவ்வீட்டை வாங்கியது. அது பின்னர்ச் செப்பனிடப்பட்டு ஹலிபக்ஸ் நகரத்து ஓவியக்கூடத்தினுள் முழுமையாக வைக்கப்பட்டுள்ளது. சாளரத்திற் பூத் தீட்டுவது என்பது எளிதிற் கடந்துபோகத்தக்க செயலன்று. பூந்தோட்டம் சாளரத்துக்கு வெளியே இருப்பது. அவரோ அதனைக் கண்ணாடியிலேயே நட்டுவிட்டார். பனி மூடிய மாதங்களில் வெளியே நோக்குபவரின் கண் அம்மலர்களைக் கடந்தே பனியைச் சென்றடையும். பலகையிற் பொருளற்ற மீள்கூற்றாகத் தோன்றிய அதே மலர், வீட்டின் சுவரில் கோலத்தின் புள்ளிபோல இன்றியமையாததாகிவிடுகின்றது. கோலத்திற் புள்ளி மீண்டும் வருவதை எவரும் குறை கூறார்.

நம் அண்டை நாட்டிலிருந்தும் ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுதல் தகும். சாந்திநிகேதனத்து வினோத் பிகாரி முகர்ஜி 1904 இற் பிறந்தபோதே ஒரு கண்ணிற் பார்வையற்றவர். மறு கண்ணின் பார்வையும் மிகக் குறுகியது. 1940 இல் அவர் கலாபவனத்து விடுதிக் கூரையில் வீர்பூம் நாட்டின் மரங்களையும் குளத்தையும் ஊரையும் தீட்டினார். அண்ணாந்து பார்ப்பவர் நடுவிலுள்ள குளத்தைச் சூழ்ந்து சுழன்று வரவேண்டும். ஒருமுறையில் முழுவதையும் காண முடியாது. சிறிது சிறிதாக அணுகிக் காணும் கண்ணின் அனுபவம் அங்கே அமைப்பாகியுள்ளது. 1957 இல் சத்திரசிகிச்சையொன்று பயனளிக்காது போகவே முழுப் பார்வையையும் இழந்தார். அதன் பின்னரும் தாளை மடித்தும் வெட்டியும் உருவங்கள் ஆக்கினார். 1972 இல் கலாபவனத்திற் சுட்ட ஓடுகளாலான சுவர்ச்சித்திரமொன்றை அமைத்தார். கண் விட்ட இடத்தில் விரல் தொடர்ந்தது.

இவர்களையெல்லாம் ஒரு தனிக்கூடத்தில் அடைத்துவிடும் வழக்கமும் மேனாட்டில் உண்டு. 1945 இல் ஷான் டியூபுவே என்னும் ஓவியர் கலைக்கழகங்களுக்கு அப்பாற்பட்டோரின் படைப்புக்களைப் பண்படாக் கலை எனப் பெயரிட்டுத் திரட்டலானார். 1972 இல் றொஜர் கார்டினல் அதனைப் புறத்தார் கலை என ஆங்கிலத்தில் வழங்கினார். மறைந்து கிடந்த பல படைப்புக்களை உலகறியச் செய்தமை இவர்களின் நற்பணி. ஆயின் புறத்தார் என்னும் பெயர் ஒரு வேலி. அவ்வேலிக்குள் வைக்கப்பட்ட படைப்பிடம் நாம் கடுமையான கேள்விகளைக் கேட்பதில்லை. கேளாதிருத்தல் மதிப்பாகாது.

இக்காலத்தில் உடற்குறையும் உளவளர்ச்சிக் குறையும் உடையோர்க்கெனப் பல நாடுகளிற் கலைக்கூடங்கள் தோன்றியுள்ளன. 1974 இல் அமெரிக்காவின் ஓக்லன்ட் நகரில் எலையஸ் காட்ஸ், புளோறன்ஸ் லூடின்ஸ் காட்ஸ் என்னும் தம்பதியர் தொடங்கிய கிறியேற்றிவ் குறோத் என்னும் கூடம் அவற்றுள் முன்னோடியானது. இத்தகைய கூடங்களில் மலரும் தோட்டமும் எளிதாகக் கொடுக்கப்படும் பொருள்கள். ஆண்டிறுதிக் கண்காட்சிக்கு அவை இனியன. பார்ப்போர் மனத்தை உறுத்தாதன. ஆபத்தும் இங்கேயே உள்ளது. தோட்டம் என்பதை ஒருவர் தாமே தேர்ந்தெடுப்பது வேறு. வளர்ந்த ஆண்மகனுக்கும் பெண்மகளுக்கும் பாலர்வகுப்புப் பிள்ளைகளுக்குப்போல வரைந்த பூவைக் கொடுத்து வண்ணம் நிரப்பச் சொல்லுவது வேறு. அக்கூடத்துக்கு 1987 இல் வந்த ஜூடித் ஸ்கொட் செவிப்புலன் அற்றவர். முப்பத்தைந்து ஆண்டுகளைப் பராமரிப்பு விடுதிகளிற் கழித்தவர். வரைதலிலும் வண்ணந்தீட்டலிலும் அவர் நெடுங்காலம் நாட்டங்கொள்ளவில்லை. நூலைக் கண்ட பின்னரே அவர் கை விழித்தது. கிடைத்த பொருள்களை நூலாற் சுற்றிச் சுற்றிக் கூடுகள்போன்ற உருவங்களை 2005 இல் இறக்கும்வரை ஆக்கினார். அவரிடம் பூவையே வரையும்படி வற்புறுத்தியிருந்தால் உலகம் ஒரு சிற்பியை இழந்திருக்கும். பயிருக்கேற்ற மண்ணைத் தேடித் தருதலே ஆசிரியர் கடமை. எப்பயிர் முளைக்கவேண்டும் என்று விதித்தல் அவர் கடமையன்று.

2009 இல் முடிவுற்ற நெடும்போர் கையையும் காலையும் கண்ணையும் பறித்துச் சென்ற பலர் எமது நாட்டில் வாழ்கின்றனர். அவர்களுட் சிலர் வரையவும் நெய்யவும் செதுக்கவும் முற்படும்போது அவர்களின் படைப்பை நாம் எவ்வாறு எதிர்கொள்ளப் போகின்றோம் என்பது வெறும் கல்விக்கூட வினாவன்று. மண்டபத்தின் மூலையில் ஒரு மேசையிட்டு, நன்கொடையாக எண்ணி விலை கொடுத்து, படத்தை வீட்டிற் சுருட்டி வைத்துவிடுவோமாயின் நாம் அவர்களை இருமுறை வறியராக்கியவராவோம். படத்தின் முன் நின்று பார்த்து, நன்றாயின் ஏன் நன்று என்றும், தீதாயின் எங்கே பிழைத்தது என்றும் கூறுவோமாயின் அதுவே கலைஞர்க்குரிய மரியாதை. இரட்டையர்க்கும் அந்தகக்கவிக்கும் நம் முன்னோர் அளித்தது அம்மரியாதையே. வெண்பாவைக் கேட்டவர் தளையை எண்ணி இரங்கவில்லை. தளை தட்டாது வந்த ஓசையைக் கேட்டுத் தலையசைத்தனர். தட்டிய இடத்திற் பிழை என்றனர். அவ்வளவே திறனாய்வின் கடமை. அதனிற் குறைந்தது எதுவும் அன்பாகாது.